கப்பி: தாத்தா டிசைன் பொண்ணு வழியா பேரனுக்கு வந்துருக்கு, இது எப்படி? (சேலம்)

மூக்கனேரி_கப்பி | ஜனவரி 11

எல்லாருக்கும் வணக்கம். நான் கன்னங்குறிச்சி பக்கம், மொட்டை மாடில 14 சிமெண்ட் தொட்டி, கீழ ஒரு ரூம்ல பதினஞ்சு தெர்மாகோல் பாக்ஸ் வெச்சு அஞ்சு வருஷமா கப்பி மீன் மட்டும் வளர்த்துட்டு இருக்கேன். பெரிய வியாபாரம் எல்லாம் இல்ல, ஞாயித்துக்கிழமை ரெண்டு மூணு பேர் வந்து ஜோடி ஜோடியா வாங்கிட்டு போவாங்க அவ்ளோதான்.

என்கிட்ட ஒரு கோப்ரா ஆண் இருந்துச்சு, உடம்பு பூரா பாம்புத்தோல் மாதிரி வலை டிசைன், நல்ல லைன் (வேற எதுவும் கலக்காம வளர்த்த வம்சம்). அதோட ஆண் குஞ்சு அத்தனைக்கும் அதே டிசைன் வரும், ஒண்ணு கூட தப்பாது, பொண்ணு குஞ்சு எதுக்குமே வராது. இதை அஞ்சு வருஷமா கண்ணால பார்த்துட்டு இருக்கேன், நம்ம ஊர்ல குலதெய்வம் கும்புடற உரிமை அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு போற மாதிரின்னு வீட்ல சொல்லுவேன். மனுசன்ல ஒய் குரோமோசோம் அப்பாகிட்ட இருந்து பையனுக்கு மட்டும் தான் போகும்னு படிச்சிருக்கேன், அது மாதிரி தான் இதுவும்னு நெனச்சுட்டு இருந்தேன்.

இப்ப என்னாச்சுன்னா, அந்த கோப்ரா ஆணையும் சென்னை கொளத்தூர்ல இருந்து வாங்குன ஃபுல் ரெட் பொண்ணையும் சேர்த்தேன். அதுல வந்த பொண்ணு குஞ்சுல மூணை எடுத்து தனித்தனி பாக்ஸ்ல வளர்த்து, மூணுக்கும் டிசைனே இல்லாத ஃபுல் ரெட் ஆண் விட்டேன், சிவப்பை இன்னும் கெட்டியாக்கலாம்னு தான். ரெண்டு பொண்ணு போட்ட குஞ்சுல ஒரு ஆணுக்கும் கோடு இல்ல, எதிர்பார்த்தது தான். மூணாவது பொண்ணு போட்டதுல மொத்தம் 38 தேறுச்சு, 17 ஆண், அதுல 8 ஆணுக்கு தாத்தாவோட அதே வலை டிசைன்! அப்பன் ஃபுல் ரெட், ஆத்தா உடம்புல ஒரு கோடு கிடையாது, அப்ப இது எங்க இருந்து வந்துச்சு?

ஒய்-ல இருக்கறது பொண்ணு வழியா எப்படிங்க போகும்? கப்பிக்கு நெஜமாவே மனுசன் மாதிரி எக்ஸ் ஒய் தானா, இல்ல மீனுக்கு வேற கணக்கா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, ரெண்டு வாரமா இதே யோசனையா இருக்கு.


அஸ்தம்பட்டி_அக்வா | ஜனவரி 11

தம்பி முதல்ல ஒண்ணு கேக்கறேன், அந்த மூணாவது பொண்ணை எத்தனை நாள்ல பிரிச்சீங்க? கப்பி பொண்ணு ஒரு தடவை ஆண்கூட சேர்ந்துட்டா அந்த விந்தை உள்ளயே மாசக்கணக்குல வெச்சிருந்து அடுத்தடுத்து குஞ்சு போட்டுட்டே இருக்கும், நடுவுல ஆணே இல்லன்னாலும் போடும். நம்ம கடைக்கு வர்ற பாதி பேர் "ஆண் இல்லாமயே குஞ்சு போட்டுருச்சு"ன்னு சொல்றது இதனால தான். அந்தப் பொண்ணு அண்ணன் தம்பி கோப்ரா கூட ஒரு வாரம் சேர்ந்து இருந்திருந்தாலே போதும், 8 கோப்ரா அதுங்களுதாவும் மிச்ச 9 ஃபுல் ரெட்டுதாவும் இருக்கலாம், ஒரே பிரசவத்துல ரெண்டு அப்பன் குஞ்சு வர்றது கப்பில சகஜம். இதை அடிச்சு சொல்ல முடிஞ்சா தான் மேல பேச முடியும்.


மூக்கனேரி_கப்பி | ஜனவரி 11

அண்ணா நல்ல கேள்வி. மூணையும் 18-வது நாள்லயே தனியா எடுத்துட்டேன், அடிவயித்து கருப்பு புள்ளி லேசா தெரியும்போதே எடுத்துடுவேன், லைன் வெச்சிருக்கறதால இதுல கண்டிப்பா இருப்பேன். அந்த வயசுல ஆண் குஞ்சுக்கு அடித்துடுப்பு கூர்மையாகவே ஆரம்பிச்சிருக்காது. ஃபுல் ரெட் ஆணை விடறதுக்கு முன்னாடி மூணும் மூணு மாசம் ஒத்தையா இருந்துச்சு, ஒரு குஞ்சு போடல. அதனால பழைய விந்துங்கறதுக்கு இடமே இல்லன்னு நெனக்கறேன்.


கொண்டைஊசி_12 | ஜனவரி 12

ஏற்காட்ல இருந்து எழுதறேன். விலங்கியல்ல எம்எஸ்சி படிச்சேன், இப்ப வீட்டுக் காப்பித்தோட்டத்தை பார்த்துட்டு, கூடவே கொஞ்சம் மீனும் வளர்க்கறேன். உங்க கேள்வியைப் படிச்சதும் எனக்கு கை கால் ஓடல, ஏன்னா உங்க மொட்டை மாடில நடந்தது நூறு வருஷத்துக்கு முன்னாடி டென்மார்க்ல நடந்த அதே விஷயம்.

யொஹானஸ் ஷ்மிட்னு ஒருத்தர், விலாங்கு மீன் அட்லாண்டிக் கடல்ல எங்க போய் முட்டை போடுதுன்னு கண்டுபிடிச்சாரே அவரே தான், 1920ல கப்பி ஆணோட புள்ளி டிசைன் அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு மட்டும் போகுதுன்னு எழுதுனார். அதுக்கு அப்புறம் ஓய்விண்ட் விங்கேன்னு இன்னொரு டேனிஷ்காரர் அதை எடுத்து வருஷக்கணக்கா தொட்டி தொட்டியா வளர்த்து, இது ஒய் குரோமோசோம் வழியா போறதுன்னு நிரூபிச்சார். கப்பிக்கு 23 ஜோடி, நமக்கும் 23 ஜோடி, இது சும்மா ஒத்துப்போறது தான், சொந்தம் எதுவும் இல்ல. அதுல 12-வது ஜோடி தான் ஆண் பெண் முடிவு பண்றது. ஆணுக்கு எக்ஸ் ஒய், பொண்ணுக்கு எக்ஸ் எக்ஸ். அதுவரைக்கும் நீங்க நெனச்சது சரி.

ஆனா அதே விங்கே 1923லயே இன்னொண்ணும் சொல்லிட்டார், கப்பில எக்ஸும் ஒய்யும் எப்பவாவது துண்டு மாத்திக்கும்னு. மனுசன்ல ஒய் ரொம்ப சுருங்கிப் போச்சு, எக்ஸ்ல 800-க்கு மேல ஜீன் இருக்கு, ஒய்-ல அதை விட ரொம்பக் கம்மி, ரெண்டும் நுனில மட்டும் தான் கை கோத்துக்கும். கப்பில அப்படி இல்ல, எக்ஸும் ஒய்யும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா கிட்டத்தட்ட ஒண்ணு போலவே தான் இருக்கும், ஜீன் எல்லாம் ரெண்டுலயும் அப்படியே இருக்கு. அதனால ஆணோட உடம்புல விந்து உருவாகும்போது அபூர்வமா ஒரு துண்டு இங்க இருந்து அங்க போயிடும், உங்க கோப்ரா ஜீன் இப்படி ஒய்-ல இருந்து எக்ஸுக்கு தாவியிருக்கு.

இப்ப உங்க நம்பரைப் பாருங்க. அந்த மூணாவது பொண்ணுக்கு ஒரு எக்ஸ்ல கோப்ரா, இன்னொரு எக்ஸ்ல இல்ல. ஆண் குஞ்சுக்கு ஆத்தாகிட்ட இருந்து ஒரு எக்ஸ் தான் வரும், ரெண்டுல எது வேணா வரலாம், அதனால பாதி ஆணுக்கு கோப்ரா இருக்கணும். 17ல 8, இதை விட அழகா எப்படி வரும்! ஆத்தா உடம்புல கோடு தெரியாததுக்கு காரணம், கப்பில இந்த டிசைன் ஜீன் பலதும் ஆண் ஹார்மோன் இருந்தா தான் வெளிய தெரியும், பொண்ணு அதை உள்ளயே வெச்சிருந்து பேரனுக்கு குடுத்துடும். ஆண் ஹார்மோன் குடுத்து பொண்ணுக்கு கலர் வர வெச்சு எந்தப் பொண்ணு எந்த ஜீனை வெச்சிருக்குன்னு லேப்ல பார்த்திருக்காங்க. நீங்க தயவுசெஞ்சு அதை வீட்ல பண்ணாதீங்க, அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் ஒழுங்கா குஞ்சு போடாது, அந்த தண்ணியை எங்க ஊத்தறதுங்கறதும் பிரச்சனை.

ஒரே ஒரு இடத்துல மட்டும் நிதானமா இருங்க. தாவுனது உங்க தொட்டில தான்னு சொல்ல முடியாது. கொளத்தூர்ல வாங்குன ஃபுல் ரெட் பொண்ணு பாட்டியே எவரோ ஒருத்தர் தொட்டில என்னைக்கோ தாவுன கோப்ரா எக்ஸை சத்தமில்லாம கொண்டு வந்திருக்கலாம், பொண்ணுக்கு தான் வெளிய தெரியாதே. மகன்களுக்கு எப்படியும் அப்பன் ஒய்-ல இருந்து கோப்ரா வந்துட்டதால பாட்டி குடுத்தது மறைஞ்சு போயிருக்கும். எப்ப தாவுச்சுங்கறதை உங்களால சொல்ல முடியாது, ஆனா இப்ப எங்க உக்காந்திருக்குங்கறதை சொல்லிடலாம், அதுக்கு செலவே இல்லாத ஒரு டெஸ்ட் இருக்கு.

அந்த 8 பேரன்ல ஒண்ணை எடுத்து, கோப்ரா வாசமே படாத லைன்ல இருந்து, தனியா வளர்ந்த பொண்ணுக்கு விடுங்க. கோப்ரா அவன் ஒய்-ல இருந்தா மகன் எல்லாருக்கும் கோப்ரா வரும். எக்ஸ்ல இருந்தா ஒரு மகனுக்கும் வராது, ஏன்னா மகனுக்கு அவன் குடுக்கறது அவனோட ஃபுல் ரெட் அப்பன்கிட்ட இருந்து வந்த ஒய் தான். அப்பன் பூரா டிசைனா இருப்பான், மகன்ல ஒருத்தனுக்கும் இருக்காது. கூடவே பழைய கோப்ரா லைன் ஆண் ஒண்ணை அந்தப் பொண்ணோட கூடப்பொறந்ததுக்கு விட்டு பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. முடிவை இங்க வந்து கண்டிப்பா சொல்லணும்.


பயோ_டீச்சர்_ஆத்தூர் | ஜனவரி 12

மேடம் அருமையா சொன்னீங்க. நீங்க துண்டு மாத்திக்கறதுன்னு சொன்னதை எங்க பாடப்புத்தகத்துல குறுக்கேற்றம்னு போட்டிருக்கும், பசங்க பத்து மார்க்குக்கு மனப்பாடம் பண்ணுவாங்க, ஆனா இப்படி ஒரு கப்பி தொட்டியை வெச்சு சொன்னா மறக்கவே மாட்டாங்க, நாளைக்கே சொல்லப்போறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். பன்னெண்டாவதுல மனுசனுக்கு எக்ஸ் ஒய், பறவைக்கு இசட் டபிள்யூ, பறவைல பொண்ணு தான் ரெண்டு வேற வேற வெச்சிருக்கும்னு நடத்தறோம். ஒய் முதல்ல எக்ஸ் மாதிரியே இருந்து போகப் போக கரைஞ்சு சின்னதாச்சுன்னும் படிச்சிருக்கேன். அப்படின்னா கப்பி ஒய் இப்ப தான் அந்தப் பாதைல முதல் படில நிக்குது, இன்னும் சில கோடி வருஷத்துல நம்மது மாதிரி ஆயிடும்னு எடுத்துக்கலாமா?


கொண்டைஊசி_12 | ஜனவரி 13

டீச்சர், அப்படி எடுத்துக்கக் கூடாதுன்னு தான் நான் சொல்லுவேன், மீனைப் படிக்கறதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இது தான், அதனால நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

ஒய் ஏன் கரையுதுங்கறது முதல்ல. சாதாரண குரோமோசோம் ஜோடியா இருக்கும், தலைமுறைக்கு தலைமுறை துண்டு மாத்திக்கும், ஒண்ணுல கெட்டுப்போன டிஎன்ஏ எழுத்து இருந்தா மாத்திக்கறப்ப கழிச்சு விட்டுடலாம். அதுல ஒரு ஜீன் ஆண் ஆக்கற ஜீனா மாறிட்டா, அது இருக்கற குரோமோசோம் தான் ஒய். செக்ஸ் குரோமோசோம்னு ஒண்ணு வானத்துல இருந்து வரல, சாதாரண ஜோடில இருந்து தான் வந்துச்சுன்னு சுசுமு ஓனோ 1967லயே எழுதிட்டார். அதுக்கப்புறம் ஒய் துண்டு மாத்தறதை நிறுத்திட்டா, கெட்டது கழியாம அப்படியே சேர்ந்து சேர்ந்து ஜீன் ஒவ்வொண்ணா செத்துப் போகும். துவைக்காத ஒரே வேட்டியை தலைமுறையா கட்டுற மாதிரி.

ஏன் நிறுத்தணும்? 1931ல ஆர்.ஏ. ஃபிஷர் குடுத்த யோசனை கப்பிக்கு கச்சிதமா பொருந்தும். பளிச்சுனு கலர் ஆணுக்கு லாபம், பொண்ணு அதைப் பார்த்து தான் தேர்ந்தெடுக்கும். பொண்ணுக்கு அதே கலர் நஷ்டம், அதைத் தின்ன வர்ற மீன் கண்ணுல படும். அப்ப கலர் ஜீன் ஆண் ஜீனை விட்டுப் பிரியாம ஒய்-லயே ஒட்டிக்கிட்டு இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது, அதனால துண்டு மாத்தறது குறைஞ்சுதுங்கறார். ஆனா இதுல இன்னைக்கு வரைக்கும் ஆராய்ச்சிக்காரங்க ஒத்துப்போகல. ஒரு குழு 2017ல கப்பி ஒய்-ல மாத்தறது நின்ன பகுதி படிப்படியா வளருதுன்னு எழுதுச்சு, இன்னொரு குழு இல்ல, கப்பி ஆண்ல எல்லா குரோமோசோமுமே நுனில தான் மாத்திக்கும், நடுவுல மாத்தறது ரொம்ப அபூர்வம், ஆண் ஜீனும் கலர் ஜீனும் பிரியாம இருக்க அதுவே போதும், தனியா நிறுத்த வேண்டிய அவசியமே வரலன்னு சொல்லுது. எனக்கு ரெண்டாவது தான் மனசுக்கு சரியா படுது, ஏன்னா அபூர்வமாவாவது மாத்திக்கிட்டா போதும், கெட்டது கழிஞ்சுடும், ஒய் புதுசாவே இருக்கும். ரெண்டு ஒய் வெச்ச ஆண் கப்பி கூட சில லைன்ல நல்லா உயிரோட இருந்திருக்கு, எக்ஸே இல்லாம! நமக்கு எக்ஸ் இல்லாம ஒரு கரு கூட தங்காது.

இப்ப உங்க "முதல் படி" கேள்வி. மீன்ல பெரும்பாலும் அந்தப் படில ஏறி முடிக்கறதுக்குள்ள ஏணியே மாறிடும். ஜப்பான் நெல்வயல்ல இருக்கற மெடாகான்னு ஒரு சின்ன மீன், அதுல 2002ல ஆண் ஆக்கற ஜீனைக் கண்டுபிடிச்சாங்க, பாலூட்டிக்கு வெளிய முதுகெலும்பு உள்ளதுல கிடைச்ச முதல் ஜீன் அது. டிஎம்ஆர்டி1னு விரை வளர்ச்சிக்கு வேணுங்கற ஒரு ஜீன் எல்லாருக்கும் உண்டு, அதோட ஒரு நகல் வேற ஒரு குரோமோசோம்ல போய் ஒட்டிக்கிச்சு, ஒட்டுன நாள்ல இருந்து அது ஒய். வித்தியாசமான பகுதி சுமார் 2,50,000 எழுத்து தான், மிச்சம் எல்லாம் எக்ஸும் ஒய்யும் ஒண்ணு. சரி இதே குடும்பத்துல பிலிப்பைன்ஸ் லூசான்ல இருக்கற தம்பி இனத்தைப் பார்த்தா அங்க அந்த ஜீனே இல்ல, வேற குரோமோசோம்ல ஜிஎஸ்டிஎஃப்னு வேற ஜீன் அந்த நாற்காலில உக்காந்திருக்கு. நம்ம இந்தியக் கடற்கரை கழிமுகத்துல இருக்கற இனத்துல சாக்ஸ்3ங்கற ஜீன். டீச்சர் இதை கவனிங்க, நம்ம ஒய்-ல 1990ல கண்டுபிடிச்ச எஸ்ஆர்ஒய்ங்கற ஆண் ஆக்கற ஜீனும் அதே சாக்ஸ்3 ஜீன்ல இருந்து பொறந்தது தான். சம்பந்தமே இல்லாத ரெண்டு கிளை, கோடிக்கணக்கான வருஷம் தள்ளித் தள்ளி, அதே ஜீனை எடுத்து அதே வேலைக்கு வெச்சிருக்கு. இதே குடும்பத்துல இசட் டபிள்யூ வெச்சிருக்கற இனமும் இருக்கு.

சில மீன் இன்னும் சின்ன வித்தியாசத்துல ஓடுது. ஜப்பான்காரங்க சாப்பிடற டைகர் பஃபர் மீன்ல எக்ஸுக்கும் ஒய்க்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து, 2012ல காட்டுனாங்க. நீலகிரி அவலாஞ்சில வளர்க்கற ட்ரவுட்ல நோய் எதிர்ப்புக்கு இருந்த ஜீன் ஒண்ணு உடைஞ்சு ஆண் ஜீனா மாறி, சால்மன் குடும்பத்துல இனத்துக்கு இனம் வேற வேற குரோமோசோம்ல தாவித் தாவி உக்காந்திருக்கு. நார்தர்ன் பைக்னு ஒரு மீன், ஐரோப்பால ஒய் இருக்கு, வட அமெரிக்கால பெரும்பகுதில அந்த ஒய்யே காணாம போயிடுச்சு, ஆனாலும் ஆணும் பொண்ணும் பொறந்துட்டு தான் இருக்கு. நம்ம நாட்டு மீன் ஜீப்ரா டேனியோவும் அப்படித்தான், காட்டுல புடிச்சதுல 4-வது குரோமோசோம்ல இசட் டபிள்யூ இருக்கு, லேப்ல பல வருஷம் வளர்த்த லைன்ல அது தொலைஞ்சு போச்சுன்னு 2014ல தெரிஞ்சுது.

கரைஞ்ச செக்ஸ் குரோமோசோம் மீன்ல இல்லவே இல்லன்னு சொல்லல, சீனாக்காரங்க வளர்க்கற ஒரு நாக்கு மீன்ல டபிள்யூ நல்லா கரைஞ்சு தான் இருக்கு. ஆனா நம்ம ஒய்யை முடிவுன்னும் மீனோடதை ஆரம்பம்னும் வரிசையா வெச்சா பசங்களுக்கு தப்பா பதிஞ்சிடும். மீன்ல ஆணோ பொண்ணோ ஆகற அடுப்படி அதே தான், யாரு தீ பத்த வெக்கறதுங்கறது தான் மாறிட்டே இருக்கு.


பயோ_டீச்சர்_ஆத்தூர் | ஜனவரி 13

நான் இத்தனை வருஷமா ஏணி மாதிரி தான் போர்டுல வரைஞ்சிட்டு இருந்தேன் மேடம். மாத்திடறேன். அந்த சாக்ஸ்3 விஷயத்தைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.


மேட்டூர்_கரை | ஜனவரி 14

எல்லாம் படிச்சேன், பொங்கல் வேலைக்கு நடுவுல. நான் மேட்டூர் பக்கம் ரெண்டு குளத்துல திலாப்பியா போட்டிருக்கேன், ஜிலேபி கெண்டைனு சொன்னா தான் நம்ம ஊர்ல தெரியும். நீங்க பேசற எக்ஸ் ஒய் எனக்கு பொழப்பு விஷயம், அதனால சொல்லணும்னு தோணுச்சு.

ஜிலேபில ஆண் தான் வேகமா எடை போடும். பொண்ணு முட்டையை வாயில வெச்சு அடைகாக்கும், அந்த நாளெல்லாம் சரியா தின்னாது, அதுவும் இல்லாம கை அகலம் வர்றதுக்குள்ள குஞ்சு போட ஆரம்பிச்சு குளம் பூரா பொடி மீனா ரொம்பி தீவனம் எல்லாம் அதுக்கே போயிடும். 1952ல இந்தியாவுக்கு கொண்டாந்த மொசாம்பிக் ஜிலேபி நம்ம ஏரி குளம் எல்லாம் பரவி குட்டை குட்டையா நிக்கறது இதனால தான். அதனால பண்ணைக்கு ஆண் குஞ்சு மட்டும் தான் வேணும்.

ஹேச்சரில (மீன் குஞ்சு பொரிக்கற இடம்) பண்றது என்னன்னா குஞ்சு தீனி எடுக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து மூணு நாலு வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம், பொண்ணா பொறந்ததும் ஆணாவே வளந்துடும், ஜீன் எக்ஸ் எக்ஸ் தான், உடம்பு ஆண். இன்னொரு வழி, விக்கற மீனுக்கு ஹார்மோன் போகாம பண்றது: எக்ஸ் ஒய் ஆணை சின்னதுலயே பொண்ணு ஹார்மோன் குடுத்து பொண்ணாக்கி, அதை சாதா ஆண்கூட சேர்த்தா கால்வாசி குஞ்சு ஒய் ஒய் ஆணா வரும், அந்த ஒய் ஒய்யை சாதா பொண்ணுக்கு விட்டா பொறக்கறது அத்தனையும் ஆண். மேடம் சொன்னாங்களே கப்பில ரெண்டு ஒய் உயிரோட இருக்கும்னு, ஜிலேபிலயும் இருக்கும், அதை வெச்சு தான் இந்த வித்தையே. ஒய் கரைஞ்சு போயிருந்தா இது நடக்குமா?

அதுக்கு முன்னாடியே, 1960ல மலாக்கால ஹிக்லிங்னு ஒருத்தர் ரெண்டு ஜிலேபி இனத்தை கலந்து பார்த்தப்ப எல்லா குஞ்சும் ஆணா வந்து அசந்து போயிட்டார். காரணம் ஒரு இனத்துல எக்ஸ் ஒய், இன்னொண்ணுல இசட் டபிள்யூ. எக்ஸ் எக்ஸ் பொண்ணு, இசட் இசட் ஆண், சேர்ந்தா எல்லாம் எக்ஸ் இசட், அது ஆண். அதே மாதிரி நைல் ஜிலேபி எக்ஸ் ஒய், ப்ளூ ஜிலேபி இசட் டபிள்யூ, பக்கத்து பக்கத்து சொந்தம் தான், ஆனா கணக்கு தலைகீழ்.

ஆனா நூத்துக்கு நூறு வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. போன வருஷம் ஒரு இடத்துல ஆல் மேல், அதாவது அத்தனையும் ஆண்னு சொல்லி வாங்குன குஞ்சுல நாலு மாசம் கழிச்சு வலை போட்டா நூத்துக்கு பதினெட்டு இருபது பொண்ணு, என் ஒரு குளம் தீவனக்காசு போச்சு. அவங்க ஏமாத்துனாங்களா இல்ல மீன் ஏமாத்துச்சான்னு எனக்கு இன்னும் தெரியல, ஏன்னா ஜிலேபில ஒய் ஒண்ணு மட்டும் முடிவு பண்றதில்ல, வேற குரோமோசோம்லயும் சின்ன சின்ன ஜீன் இழுக்கும், தண்ணி சூடும் இழுக்கும். நைல் ஜிலேபி குஞ்சுக்கு ஆரம்ப வாரத்துல தண்ணி 36 டிகிரி கிட்ட இருந்தா எக்ஸ் எக்ஸ்ல கூட ஆண் நெறைய வரும். நம்ம சேலம் சித்திரை வெயில்ல ஆழம் இல்லாத தொட்டில அந்த சூடு சாதாரணம். குஞ்சு வாங்கறவங்க நல்லா சோதிச்சுப் பார்த்துட்டு வாங்குங்க.


அஸ்தம்பட்டி_அக்வா | ஜனவரி 14

அண்ணே ரொம்ப உபயோகமான தகவல். மேடம்கிட்ட எனக்கும் ரெண்டு கேள்வி. ஒண்ணு, பிளாட்டி மீன்ல எனக்கு ஒரு ஜோடி எப்பவும் முக்கால்வாசி பொண்ணா போடுது, நாலு தடவை எண்ணிட்டேன், சும்மா அதிர்ஷ்டம்னு தோணல. ரெண்டு, வாள்வால் மீன்ல பொண்ணு ஆணா மாறும்னு எல்லாரும் சொல்றாங்க, எங்க அப்பா காலத்துல இருந்து கடைல சொல்றது, அது நெஜமா?


கொண்டைஊசி_12 | ஜனவரி 15

அண்ணா உங்க பிளாட்டி கேள்விக்கு பதில் ரொம்ப அழகானது. பிளாட்டில எக்ஸ், ஒய், டபிள்யூ மூணும் ஒரே இனத்துல இருக்கு! எக்ஸ் எக்ஸ், டபிள்யூ எக்ஸ், டபிள்யூ ஒய் மூணும் பொண்ணு. எக்ஸ் ஒய், ஒய் ஒய் ரெண்டும் ஆண். இப்ப டபிள்யூ எக்ஸ் பொண்ணுக்கு எக்ஸ் ஒய் ஆணை விடுங்க: டபிள்யூ எக்ஸ், டபிள்யூ ஒய், எக்ஸ் எக்ஸ், எக்ஸ் ஒய்னு நாலு விதமா வரும், முதல் மூணும் பொண்ணு, கடைசி மட்டும் ஆண். முக்கால்வாசி பொண்ணு. உங்க ஜோடி இதுவா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. அதே மாதிரி எக்ஸ் எக்ஸ் பொண்ணுக்கு ஒய் ஒய் ஆண் விட்டா குஞ்சு அத்தனையும் ஆண், மேட்டூர் அண்ணன் பல மாசம் பாடுபட்டு பண்றதை பிளாட்டி சும்மாவே பண்ணிடும். ஒரு முறைல இருந்து இன்னொரு முறைக்கு மாறற நடுவழியை உயிரோட பார்க்கணும்னா உங்க கடைத்தொட்டில பார்க்கலாம்.

நம்ம சுகாதாரத்துறைல கிணத்துல விடற கொசு மீன் கம்பூசியாவும் இப்படித்தான், அஃபினிஸ்ங்கற இனம் இசட் டபிள்யூ, ஹோல்ப்ரூக்கிங்கறது எக்ஸ் ஒய். கண்ணால பார்த்து பிரிக்கறதே கஷ்டம், ரொம்ப நாள் ஒரே இனம்னு தான் வெச்சிருந்தாங்க.

வாள்வால் விஷயம், கடைல பார்க்கறது பெரும்பாலும் லேட்டா வயசுக்கு வர்ற ஆண். அது நல்லா பெருசாகற வரைக்கும் பொண்ணு மாதிரியே இருந்துட்டு அப்புறம் வாள் விடும், நாம பொண்ணு மாறிடுச்சுன்னு நெனச்சுக்கறோம். ஏற்காட்ல எனக்கு இது நல்லாத் தெரியும், மார்கழி தைல இங்க தண்ணி சில்லுன்னு இருக்கும், ஹீட்டர் போடாத தொட்டில கப்பி ஆண் கூட கலர் வர மூணு மாசம் தாண்டிடும், அதுவரைக்கும் நானே பொண்ணுன்னு ஏமாந்து தப்பான பாக்ஸ்ல விட்டிருக்கேன். குஞ்சு போட்டதை கண்ணால பார்த்த பொண்ணு, அப்புறம் அதே மீன் அப்பன் ஆச்சுன்னு சொல்ல முடிஞ்சா தான் நெஜமான மாற்றம். கடல்ல கோமாளி மீனும் களவா மீனும் அதை வாழ்க்கை முறையாவே வெச்சிருக்கு, அதுங்களுக்கு செக்ஸ் குரோமோசோமே வேண்டாம்.

மூக்கனேரி தம்பிக்கு ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். விங்கே 1934ல என்ன பண்ணார்னா, எக்ஸ் எக்ஸா இருந்தும் ஆணா வந்த ஒரு கப்பியை எடுத்து, அந்த வம்சத்துல தேர்ந்தெடுத்து தேர்ந்தெடுத்து வளர்த்து, எக்ஸ் எக்ஸ் ஆணும் எக்ஸ் எக்ஸ் பொண்ணும் மட்டுமே உள்ள ஒரு லைனை உருவாக்கிட்டார். அங்க ஒய்யே இல்ல, ஆண் பொண்ணு முடிவு பண்ற வேலை வேற குரோமோசோமுக்கு போயிடுச்சு. கோடி வருஷ வேலைன்னு நாம நெனக்கறது ஒரு மனுசன் ஆயுசுக்குள்ள தொட்டில நடந்துச்சு. உங்ககிட்ட இருக்கறதும் தொட்டியும் நோட்டும் தான். அதனால எந்தக் குஞ்சையும் கணக்கு எழுதாம வித்துடாதீங்க.


மூக்கனேரி_கப்பி | மே 3

அக்கா, லேட்டானதுக்கு மன்னிக்கணும், ஆண் எல்லாம் முழுசா கலர் வந்து நிக்கட்டும்னு தான் காத்திருந்தேன். நீங்க சொன்ன மாதிரியே கோப்ரா வாசமே படாத நீலவால் லைன்ல கூடப்பொறந்த ரெண்டு பொண்ணை தனியா வளர்த்தது இருந்துச்சு, ஒண்ணுக்கு பேரனை விட்டேன், ஒண்ணுக்கு பழைய கோப்ரா லைன் ஆணை விட்டேன். ஜனவரி 16 விட்டது, ரெண்டுமே பிப்ரவரி மூணாவது வாரம் குஞ்சு போட்டுச்சு, வெயில் ஆரம்பிச்சதால ரூமுக்குள்ளயே வெச்சுட்டேன்.

பழைய கோப்ரா லைன்: 9 ஆண், 9-க்கும் கோப்ரா.

பேரன்: 12 ஆண். ஒண்ணுக்கு கூட கோடு இல்லக்கா. அப்பன் பக்கத்து பாக்ஸ்ல பளபளன்னு வலையோட சுத்திட்டு இருக்கான், மகன் 12 பேர் உடம்பும் மொழுக்குன்னு இருக்கு. நேத்து ராத்திரி டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா எடுத்து பார்த்தேன், வீட்ல அம்மா என்னடா பண்ற இந்நேரத்துலன்னு கேட்டாங்க, அவங்களையும் கூப்பிட்டு காட்டுனேன், பேரன் வழி நின்னுபோச்சேன்னாங்க, நிக்கல மா, பொண்ணுங்க கிட்ட இருக்குன்னு சொன்னேன்.

அந்த பாக்ஸ்ல 11 பொண்ணு இருக்கு. எல்லாத்துக்குள்ளயும் அந்த எக்ஸ் இருக்கணும் இல்லையா? ஆறை தனித்தனியா பிரிச்சு வெச்சிருக்கேன், ஆடி மாசத்துல குஞ்சு எண்ணிடலாம், பாதி ஆணுக்கு வலை வரணும். டப்பா மேல "கோப்ரா எக்ஸ், பொண்ணு 1"ல இருந்து 6 வரைக்கும் எழுதி ஒட்டிட்டேன். நேத்து ஒருத்தர் வந்து அந்தப் பொண்ணுங்களை ஜோடி இருபது ரூபாய்க்கு கேட்டார், டிசைன் இல்லாத சாதா பொண்ணு தானேன்னு. குடுக்கல.